பெங்களூருக்கு வானம் தரும் ஊர்கள்

கோரமங்களா இரண்டாவது பிளாக்கில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அங்கே நின்று இரவில் அண்ணாந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம் தூசியில் கலந்த மங்கலான மூட்டம்தான் தெரியும். சதாசிவநகரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ரேடியோ வானியல் செய்கிறார்கள். தெருவுக்குத் தெரு செல்போன் கோபுரம் நிற்கும் ஊரில் விண்மீன் கூட்டங்களின் மெல்லிய ரேடியோ அலையை எங்கே பிடிப்பது? இஸ்ரோவின் தலைமையகமும் இங்கேதான். ராக்கெட் ஏவத் தேவையான கடல் இந்த ஊருக்குக் கிடையாது.

பெங்களூரை அறிவியல் நகரம் என்று சொல்லிச் சொல்லி, எல்லாம் இந்த ஊருக்குள்ளேயே நடக்கிறது என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த ஊரின் பெரிய ஆய்வுகளைத் துருவிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெளியூர் ஒன்றில் போய் நிற்கும். பல நேரம் அது தமிழ்நாட்டு ஊர். ஊர்களுக்கு இடையே ஆய்வு உறவு எப்படி உண்டாகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்: தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடி ஓர் ஊர் இன்னோர் ஊருக்குப் போகிறது. மலை, ஆழம், இருட்டு, பாறை, நோயாளி என்று இடம் பெயர்க்க முடியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம், கையெழுத்து, புகைப்படம் எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை.

வானியலில் இது தெளிவாகத் தெரியும். கோரமங்களா நிறுவனத்தின் பூர்வீகம் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1876-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசுக்கு எழுந்தது. அதை ஆராயத் தெளிந்த வானம் வேண்டும். சென்னையில் அது போதாது. அப்படித்தான் 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே, சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்பதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். சூரிய இயற்பியல் படிப்பவர்கள் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்கிறார்கள்.

கொடைக்கானல் பகலுக்குச் சரி. இரவு வானத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. 1960-இல் அங்கே இயக்குநராக வந்த வைணு பாப்பு விண்மீன்களைப் பார்க்கத் தோதான இருட்டைத் தேடினார். கிடைத்தது ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1971-இல் நிறுவனம் தன்னாட்சி பெற்று, சில ஆண்டுகளில் தலைமையகம் பெங்களூருக்கு மாறியது. சென்னை, கொடைக்கானல், காவலூர், பெங்களூர் ஆகிய நான்கு ஊரையும் ஒரே நிறுவனம் இப்படித்தான் தொடுத்தது.

காவலூரின் இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் ஜோலார்பேட்டை, வாணியம்பாடியைக் கடக்கும்போது தெற்கே தெரியும் மலைத்தொடரைப் பார்த்திருப்பார்கள். அதற்குள்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பன்னிரண்டரை டிகிரி. அதனால் ஐரோப்பாவில் நிற்கும் பெரிய தொலைநோக்கிகளுக்கு எட்டாத தென்வானமும் இங்கே எட்டும். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அதைப் பதிவு செய்தது, காவலூரும் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அந்த நிகழ்வால். வேறொரு தீர்க்கரேகையில் இருந்திருந்தால் காவலூருக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியபோது இந்தியாவிலேயே அதுதான் பெரியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட பாப்புவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் கிடைத்தது.

பிறகு இருட்டைத் தேடும் பயணம் லடாக்கில் உள்ள ஹான்லே வரை போனது. 4,500 மீட்டர் உயரத்தில், ஈரப்பதம் மிகக் குறைந்த குளிர்ப் பாலைவனத்தில், இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2000-இல் முதல் ஒளியைப் பார்த்தது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு இமாலயச் சந்திரா தொலைநோக்கி என்று பெயர். இதை இயக்குவது பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்து. ஆய்வாளர் ஹொசகோட்டைக் கட்டுப்பாட்டு அறையில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார். முதலில் ஹான்லேயின் காற்று வேகமும் ஈரப்பதமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் விண்மீன் வானில் இருக்கும் இடத்தைக் கொடுத்தால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தொலைநோக்கி திரும்பும். எடுத்த படம் செயற்கைக்கோள் வழியே வந்து திரையில் விழும். ஆனால் மலை மேல் ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது. ஒளியைப் பதியும் கருவியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் நிரப்ப வேண்டும், பனி விழுந்தால் கூரையைப் பார்க்க வேண்டும், மின்சாரம் போனால் ஓட வேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் வசதி வந்த பிறகும் அந்த மனிதர்களின் வேலை அப்படியே இருக்கிறது.

ஹொசகோட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவி, சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படமெடுக்கும் கருவி, அங்கேதான் உருவானது. மற்ற கருவிகள் புணே, ஆமதாபாத், திருவனந்தபுரம், பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தன. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். கொடைக்கானலில் 1904-இலிருந்து எடுத்துவைத்த சூரியப் படத் தகடுகளை எண்மமாக்கி வைத்திருக்கிறார்கள். விண்கலம் இன்று காட்டும் சூரியனை நூறு ஆண்டுக்கு முந்தைய சூரியனோடு ஒப்பிட வேண்டுமானால் அந்தக் கண்ணாடித் தகடுகளிடம்தான் போக வேண்டும்.

மேலே போனது போதும், கீழே போவோம்.

கோலார் தங்கவயலைப் பற்றிப் பெங்களூர்த் தமிழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அல்சூரிலோ மர்பி டவுனிலோ விசாரித்தால், தாத்தாவோ அப்பாவோ சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஏராளம். அந்த ஊரின் வரலாற்றில் தங்கம் பேசப்படுகிறது, தொழிலாளர் போராட்டம் பேசப்படுகிறது. உலக இயற்பியலில் அதற்கு இருக்கும் இடம் வீடுகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1951-இல் ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆய்வாளரை மும்பையிலிருந்து தங்கவயலுக்கு அனுப்பினார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை பாறையைத் துளைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும். எவ்வளவு ஆழம் வரை? அளந்து பார்க்க மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு குழி வேண்டும். ஆய்வுக்காக அப்படி ஒன்றை வெட்ட யாரிடமும் பணம் இல்லை. தங்கத்துக்காகத் தொழிலாளர்கள் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள்.

ஆழம் கூடக் கூட மியூவான்களின் எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அந்த வெறுமைதான் பொக்கிஷம் என்று ஆய்வாளர்களுக்குப் புரிந்தது. மேலிருந்து எதுவும் வராத இடத்தில், பாறையே தடுக்க முடியாத நியூட்ரினோவைத் தேடலாம். நியூட்ரினோ எதனோடும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும். மிக அபூர்வமாக ஒன்று பாறையில் மோதி மியூவானை உண்டாக்கும். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்றும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் சுவர்களை எதிரெதிரே நிறுத்தின. துகள் போன பாதையைக் காட்ட நடுவில் நியான் குழாய்கள். மேலிருந்து செங்குத்தாக வந்தால் அது சாதாரண மியூவானாக இருக்கலாம். படுக்கைவாட்டில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் பாய்ந்தால்? அத்தனை கிலோமீட்டர் பாறையைப் பக்கவாட்டில் தாண்டி மியூவானால் வர முடியாது; பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதித்தான் அது பிறந்திருக்க வேண்டும். 1965-இல் அந்த மின்னல்கள் கிடைத்தன. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்டது அந்த ஆண்டில்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் நடந்த ஆய்வும் ஏறத்தாழ அதே நேரத்தில் கண்டது.

அந்த ஆழத்துக்கு ஒவ்வொரு கம்பியையும் பலகையையும் கூண்டில் இறக்கியாக வேண்டும். வெக்கையும் ஈரமும் தாங்க முடியாது. பாறை வெடிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. எந்தச் சுரங்கப் பாதை பத்திரம், எங்கே பாறை முனகுகிறது என்பது அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்த் தொழிலாளிக்குத்தான் தெரியும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பல தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஆய்வுக் கட்டுரையில் மும்பை, ஒசாகா, டர்ஹாம் என்று மூன்று முகவரிகள் இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஊர்களுக்கு இடையிலான ஆய்வு உறவை எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். வழக்கமான முறை எளிது. ஒரு கட்டுரையை எழுதியவர்களின் நிறுவன முகவரிகளை எடுக்கிறார்கள். இரண்டு ஊர்கள் ஒரே கட்டுரையில் வந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. கட்டுரைகள் கூடக் கூடக் கோடு தடிக்கும். இப்படிப் பல நாடுகளில் வரைபடம் போட்டுப் பார்த்ததில், இணையம் வந்த பிறகும் தூரம் கூடினால் கூட்டுக் கட்டுரைகள் குறைகின்றன என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. காலையில் ரயிலேறிப் போய், பேசி முடித்து, ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடும் தூரத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இந்த முறை பயனுள்ளதுதான், ஆனால் முகவரி உள்ளவர்களை மட்டுமே அதற்குத் தெரியும். தங்கவயல் தொழிலாளியும் காவலூரின் இரவுப் பணியாளரும் நன்றி சொல்லும் கடைசிப் பத்தியில் வந்தால் உண்டு. அறிவியல் வரைபடத்தில் பெங்களூரும் மும்பையும் பெரிய புள்ளிகளாகவும் இந்த ஊர்கள் வெற்றிடமாகவும் தெரிவதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பாறையும் மலையும் நகராது. மனிதர்கள் நகர்வார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே அறிவியல் போய்வந்த கதையில் ஜி.என். ராமச்சந்திரனைப் போல இன்னொருவர் இல்லை என்பேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் தம் இயற்பியல் துறைக்கு ராமனை அழைத்தபோது, ராமன் தனக்குப் பதிலாக இந்த இளைஞரைப் பரிந்துரைத்தார். 1952-இல் ராமச்சந்திரன் கிண்டிக்கு வந்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோலின் ஆதாரப் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கத் தூய்மையான இழை வேண்டியிருந்தது. தோல் நிலையத்தில் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-கதிரில் வைத்துப் படமெடுத்து, 1954-இலும் 1955-இலும் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் முப்புரி வடிவத்தை வெளியிட்டார். 1963-இல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரோடு சென்னையில் உருவானது. உலகில் எங்கே புரத வடிவம் தீர்த்தாலும் அதைச் சரிபார்க்க இன்றும் இந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அவர் பெங்களூர் திரும்பி அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் சாலைக்கு அந்தப் பக்கம் தோல் நிலையம் இருந்ததால் பிறந்த ஓர் அறிவு, மனிதர்களோடு பெங்களூருக்கு வந்து வேரூன்றியது.

நாமக்கல் கதை இதைவிட அண்மையானது. நிலவின் மேட்டு நிலங்களில் அனார்த்தோசைட் என்ற பாறை அதிகம். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை தரையில் கிடக்கிறது. நிலவில் லேண்டர் எப்படி இறங்கும், ரோவரின் சக்கரம் எவ்வளவு புதையும் என்று பெங்களூரில் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை பாறையை அடையாளம் காட்டியது. அதை உடைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குப் பொடித்து, ஏறத்தாழ 50 டன் பெங்களூர் போனது. அந்த மண் தயாரிப்பு முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதற்குப் பின்னால் விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் இருக்கிறார் என்று நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை, திருவனந்தபுரத்தில் ராக்கெட் வடிவமைப்பு, பெங்களூர் பீண்யாவில் கட்டுப்பாட்டு அறை, பையாலலுவில் நிலவோடு பேசும் பெரிய ஆன்டெனா என்று நீளும் அந்தப் பட்டியலில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரு கிராமத்துப் பாறையும் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காட்பாடி வழியாக ஓடும் உறவு வேறு மாதிரி. வேலூர் சி.எம்.சி.க்குப் பெங்களூரிலிருந்து நோயாளிகள் போவது பழைய வழக்கம். ரத்தம் உறையாமை நோயில் உறைதலுக்கு வேண்டிய புரதத்தை உடம்பு தயாரிப்பதில்லை. சின்னக் காயம்கூட ஆபத்து. சி.எம்.சி. வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தோடு இணைந்த பிரிவு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் செய்த மரபணுச் சிகிச்சையில், நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, மாற்றியமைத்த வைரஸ் மூலம் சரியான மரபணுவை ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். ஐந்து நோயாளிகளின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது: சிகிச்சைக்குப் பிறகு ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றிருந்தது. பல ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையை நம்பி வரும் நோயாளிகள் இல்லாமல், எவ்வளவு நல்ல ஆய்வகம் இருந்தாலும் இப்படி ஒரு சோதனை நடக்காது.

உறவு எல்லா இடத்திலும் அமைந்துவிடுவதில்லை. தங்கவயல் ஆய்வுகள் 1990-களில் நின்ற பிறகு, புதிய நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இங்கே மலையைப் புதிதாகக் குடைய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை, தண்ணீர், காடு பற்றிய அச்சம் ஊரில் எழுந்தது, வழக்குகள் வந்தன, தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. வேலை தொடங்கவில்லை. நியூட்ரினோ ஆபத்தானது என்ற பேச்சில் அறிவியல் இல்லை. ஆனால் ஊர்க்காரர்களிடம் விளக்கம் கடைசியாகத்தான் வந்தது என்ற குறை நியாயமானது. தங்கவயலில் குழி அந்த ஊரின் பிழைப்பாக இருந்தது. பொட்டிபுரத்தில் அப்படி எதுவும் இல்லை.

மாநில எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவிரிப் பிரச்சினை மூண்டால் அத்திப்பள்ளியில் பஸ் நின்றுவிடும் என்பது இங்கே வாழும் எல்லோருக்கும் அனுபவம். ஆய்வில் அந்த எல்லை அவ்வளவு குறுக்கே வருவதில்லை, ஏனென்றால் நான் சொன்ன நிறுவனங்களில் பெரும்பாலானவை மத்திய அரசின் பணத்தில் நடப்பவை. அதிலேயே சிக்கலும் இருக்கிறது. மத்திய நிறுவனம் மத்திய நிறுவனத்தோடு எளிதாகச் சேர்கிறது. பக்கத்தில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரியும் வெளியே நிற்கின்றன. ஊட்டியில் 1970-இல் கட்டிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியின் மின்னணுவியலைப் புதுப்பிக்கப் புணேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையமும் பெங்களூர் ராமன் நிலையமும் கைகோத்தன. மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தொலைநோக்கியைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள்?

2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்பு, பெரிய நிறுவனம் ஒன்றை மையமாக வைத்துச் சிறிய பல்கலைக்கழகங்களை அதோடு சேர்க்கும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. நல்ல திசைதான். ஆனால் மையம் கொடுக்கும், மற்றவை வாங்கிக்கொள்ளும் என்ற நினைப்போடு நடந்தால் அது பயிற்சி வகுப்பாகவே முடிந்துவிடும். சித்தம்பூண்டியில் கொடுத்தது எந்த ஊர், வாங்கியது எந்த ஊர் என்று அதை நடத்துகிறவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பே மாணவர்கள் தாங்களாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு வழி இருக்கிறது. ராமன் 1934-இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாதமிகளோடு சேர்ந்து, கோடை ஆய்வு உதவித்தொகை தருகிறது. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இரண்டு மாதம் நாட்டின் எந்த ஆய்வகத்திலாவது வேலை செய்யலாம். ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் இதுபோல ஒன்றை நடத்துகிறது. காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் தம்பியோ தங்கையோ நம் வீட்டில் இருந்தால், விண்ணப்பிக்கச் சொல்வோம். தேர்வானால் தங்க இடம் தேடி அலைய விடாமல் அல்சூரிலோ கே.ஆர். புரத்திலோ இருக்கும் சித்தப்பா வீடோ அத்தை வீடோ இரண்டு மாதம் ஓர் அறையை ஒதுக்கித் தரலாம்.